இருபதாவது எட்டு

வீட்டுப் பிரதிஷ்டை அன்றைக்கு முதலில் தடுக்கியது எங்கள் உபதேசியாருக்குத்தான். எழுபதைத் தாண்டியவர். வேதாகமம், பாட்டுப் புத்தகம், கண்ணாடிக் கூடு மூன்றையும் ஒரே கையில் அணைத்தபடி, பாட்டை விடாமல் பாடிக்கொண்டே மாடிப்படி ஏறினார். கீழே ஜெபம் முடிந்து, மாடி அறைகளுக்காகச் சபை ஐயர் முன்னால் போயிருந்தார். கடைசிப் படியில் உபதேசியாரின் பெருவிரல் இடித்தது. ஆள் முன்னால் சாய்ந்தார். பின்னால் வந்த என் தங்கை மகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. வேதாகமத்தை அவர் விடவில்லை.

“எதிராளி வாசல்லயே நிக்கான் டீச்சர். அதுக்குத்தான பிரதிஷ்டை பண்ணுதோம்” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பந்தி முடிவதற்குள் அதே இடத்தில் இன்னும் இரண்டு பேர் தடுக்கினார்கள். அப்போது சிரிப்பு வரவில்லை. “புது வீடு, கால் பழகல” என்று சமாதானம் சொன்னார்கள்.

ராத்திரி வீடு காலியான பிறகு, ஓய்வு பெற்ற அன்று பிள்ளைகள் நினைவாகக் கொடுத்த மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். முப்பத்துமூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். அளக்காமல் தூக்கம் வராது. படிகள் பத்தொன்பது. ஏறுகிற எட்டு இருபது. கடைசி எட்டு மாடித் தரையிலேயே விழும். முதல் எட்டு 4 அங்குலம் இருந்தது. இரண்டாவது 6. மூன்றாவது 6. பத்தொன்பதாவது வரை ஆறு ஆறாகவே போயிற்று. இருபதாவது எட்டு, எட்டு.

கூட்டிப் பார்த்தேன். ஒரு நாலு, பதினெட்டு ஆறு நூற்றெட்டு, ஓர் எட்டு: மொத்தம் 120. பத்தடி உயரத்துக்கு நான் கிராஃப் தாளில் போட்ட அதே 120 அங்குலம். விடைத்தாளாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அன்று ராத்திரி பிடித்த கேள்வி பல மாதம் விடவில்லை. யாரும் வேண்டுமென்று செய்யாத ஒரு தப்பு, பாவக் கணக்கில் வருமா? வரும் என்றால் அதற்கு மனந்திரும்புவது எப்படி? ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையில் செய்ததற்கு ஒரு வரி உண்டு, செய்யாமல் விட்டதற்கு ஒரு வரி உண்டு. கவனிக்காமல் கட்டியதற்கு எந்த வரி?

பாளையங்கோட்டைக்கு வெளியே, தூத்துக்குடி சாலைப் பக்கம் இருக்கிற மனை அது. ஓய்வூதியப் பணத்தில் கட்டிய வீடு. அனுமதிக்கு ஓர் என்ஜினியர் கையெழுத்துப் போட்டார். கம்பிக் கணக்கும் தூண் கணக்கும் அவருடையவை. அறை, ஜன்னல், படி எல்லாம் என் கிராஃப் தாளில் பிறந்தவை. இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாக வரைந்து, அழித்து, வரைந்தேன். எங்கள் பள்ளித் தமிழம்மா அதைப் பார்த்துவிட்டு, “நீங்க பூசலார் மாதிரி டீச்சர்” என்பார்.

பூசலார் திருநின்றவூர்க்காரர். காசில்லாததால், அஸ்திவாரம் முதல் சிகரம் வரை, கிணறும் குளமும் மதிலும் உட்பட, சிவனுக்கு மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் அதே நாளில் பிரதிஷ்டை. சிவன் மன்னனுடைய கனவில் வந்து, ‘நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும், நீ வேறு நாள் பார்’ என்றாராம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன கதை. அன்பின் பெருமையைச் சொல்வதற்காக அவர் சொன்னது. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வீடு கட்டி முடித்தவளுக்கு அந்தக் கதையில் இன்னொன்றும் தெரிகிறது. மனத்தில் கட்டுகிற கோயிலில் கலவைக்குக் கனம் கிடையாது. என் கிராஃப் தாளில் கோட்டுக்கும் கனம் கிடையாது.

தப்பு அந்தக் கனத்தில்தான். கான்கிரீட் தரையிலிருந்து கான்கிரீட் தளம் வரை 120 அங்குலத்தை இருபதால் வகுத்து, ஆறு ஆறாகப் படிக்குப் பலகை அடைக்கச் சொன்னேன். அதன் பிறகு தரையில் கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினார்கள்; தரை 3 அங்குலம் ஏறியது. படியில் கிரானைட் பலகை மட்டும். அடிக் கலவையோடு சேர்த்து 1 அங்குலம். ஆகவே கீழே முதல் எட்டில் 2 அங்குலம் குறைந்தது. மாடியிலும் தரை 3 அங்குலம் ஏறியதால் கடைசி எட்டில் அதே 2 அங்குலம் கூடியது. நடுவில் இருக்கிற பதினெட்டும் ஒரு குறையும் இல்லாமல் நின்றன.

மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரிலும் இதே கதை. மேற்கே பொதிகை மலை உட்கார்ந்தபடி தெரியவேண்டும் என்று 3 அடி போதும் என்றேன். அதைக் கான்கிரீட்டிலிருந்து அளந்தேன். பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, வாட்டம் கொடுத்து, தட்டோடு பதித்தபோது மாடி 5 அங்குலம் உயர்ந்தது. சுவர் 31 அங்குலமாக நின்றது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, முடிந்த தளத்திலிருந்து குறைந்தது 1 மீட்டர் கேட்கிறது; அது 39 அங்குலத்துக்கும் கொஞ்சம் மேல்.

கீழ்க் குளியலறையில் தப்பு வேறு தினுசு. டைல்ஸ் பதிக்க வந்த தம்பி கெட்டிக்காரர். ரசமட்டத்தை எந்தப் பக்கம் வைத்தாலும் குமிழி நட்டநடுவில் நிற்கும்படி பதித்துக் கொடுத்தார். நானும் பாராட்டி நூறு ரூபாய் கூடக் கொடுத்தேன். குளியலறைத் தரை மட்டமாக இருக்கக்கூடாது, தண்ணீர்ப்போக்கிப் பக்கம் வாட்டம் வேண்டும் என்று என் தாளில் எழுதவில்லை. வரவேற்பறையில் புண்ணியமான மட்டம் குளியலறையில் குற்றமாயிற்று. குமிழி நடுவில் நின்றது. தண்ணீர் வாசலில் நின்றது.

தப்பு வெளியே தெரிந்ததும் விளக்கம் சொல்ல ஆட்கள் வந்தார்கள். பக்கத்து மனை அண்ணாச்சி படியை எண்ணிப் பார்த்தார். “லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்…” இருபதாவது எட்டு நஷ்டத்தில் முடிந்தது. “பாத்தியளா? ஒத்தப்படையில முடிஞ்சிருக்கணும். ஒரு படி கூட்டுங்க, எல்லாம் சரியாயிரும்.” அக்கறையில் சொன்னார், வாஸ்துக்காரர் ஒருவருடைய நம்பரும் கொடுத்தார். எங்கள் சபையில் ஜெபக்குழு அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “மனை வாங்குனதுல ஏதும் கண்ணீர் இருக்காம்மா? யாராவது சாபம் விட்டிருப்பாங்க. மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபிப்போம்.” அவரும் அக்கறையில்தான் கேட்டார். நான் கலங்கிப்போனேன். விதவை தனியாகக் கட்டிய வீடு. உறவில் எத்தனை வாய் என்னென்ன பேசியிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினால் முடிவே கிடையாது.

அந்த ராத்திரி லூக்கா சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தைத் திருப்பினேன். சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்துபோகிறார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே சொல்கிறார். உடனே பேச்சை நிற்கிறவர்கள் பக்கம் திருப்புகிறார்: நீங்கள் மனந்திரும்புங்கள். எத்தனையோ தடவை கேட்ட பிரசங்கம்தான். ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, அது ஒரு கட்டட விபத்து. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் போனார்களே, அது மாதிரி. அந்த 61 பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று யாராவது கேட்டால் நாம் அடிக்கப் போவோம். நம் வீட்டில் பெருவிரல் இடித்தால் மட்டும் சாபத்தைத் தேடுகிறோம். நஷ்டம் என்று எண்ணினாலும், சாபம் என்று அழுதாலும் ஒரு வசதி இருக்கிறது. ஸ்கேலை எடுக்க வேண்டியதில்லை.

நான் ஸ்கேலை எடுத்தவள். அதனால் எனக்கு வேறொரு வசதி தேவைப்பட்டது. கொத்தனார்.

அவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். மறுநாள் காலையில் வரச்சொல்லி, பெயிண்ட் அடிக்கிற ஆட்கள் நாலு பேர் முன்னால் வைத்து, படிக்குப் படி ஸ்கேலை வைத்துக் காட்டி, கேட்கக்கூடாத அளவுக்குக் கேட்டேன். “இத்தனை வருஷத் தொழில். இது தெரியாதா உனக்கு?” அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “அன்னைக்கே கேட்டேம்லா டீச்சர், தரைக்கு எவ்வளவு விடணும்னு. மொத்தம் நூத்திருபது வருதா பாருன்னு சொன்னிய. வந்துச்சு. விட்டுட்டேன்.”

நினைவு வந்தது. வெயில், பலகை அடைத்து நிற்கிறது, நான் குடையோடு நிற்கிறேன், அவர் ஏதோ கேட்கிறார், கையை ஆட்டி அனுப்பிவிடுகிறேன். ஆனாலும் விடவில்லை. “தப்புன்னு தெரிஞ்சா திரும்பச் சொல்லவேண்டியதுதானே?”

“உங்ககிட்ட கணக்கு தப்புன்னு எங்க கிளாஸ்ல யாரு சொல்லியிருக்கா டீச்சர்?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு இடிந்தால் யாரைப் பிடிப்பது என்பது மனிதர்களுக்குப் பழைய கேள்வி. கிறிஸ்துவுக்கு 1,700 ஆண்டுகளுக்கும் முன்னால் பாபிலோனில் ஹமுராபி கல்லில் வெட்டிய சட்டத்தில் அதற்கு நேரான பதில் இருக்கிறது. வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டியவனுக்குக் கொலைத் தண்டனை. வீட்டுக்காரனுடைய மகன் செத்தால், கட்டியவனுடைய மகனுக்கு. சுவர் உறுதியில்லாமல் போனால், கட்டியவன் தன் கைக்காசைப் போட்டு உறுதிப்படுத்த வேண்டும். அந்தக் காலை நேரத்தில் நான் ஹமுராபியின் ஆள்.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், எட்டாம் வசனத்தில், மோசே சொல்வது வேறு மாதிரி. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு. ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும். தமிழ் வேதாகமத்திலும் அந்தச் சொல்தான், ‘கைப்பிடிச்சுவர்’. எங்கள் ஊர்க் கொத்தனார்கள் வாயில் வருகிற அதே சொல். இந்தக் கட்டளையில் இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். ஒன்று, ஹமுராபி கட்டினவனைப் பார்த்துப் பேசுகிறார். இது வீட்டுக்காரனைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டாவது, ஹமுராபி விழுந்த பிறகு வருகிறார். இது விழுவதற்கு முன்னால் வருகிறது. விழப்போகிறவன் யார், நல்லவனா, கவனமில்லாதவனா, கூப்பிட்டு வந்தவனா, சும்மா ஏறினவனா என்ற விசாரணையே அதில் இல்லை. விழுகிறவன் இன்னும் வரவில்லை. சுவர் மட்டும் இப்போதே நிற்கவேண்டும்.

குடிவர ஆள் வந்தபோது அது எனக்கு வேதபாடமாக இல்லாமல் வேறாகிவிட்டது. மாடியை வாடகைக்கு விடுவதாகத்தான் கட்டியது; மாதக் கணக்கில் அந்த வாடகைக்கும் ஓரிடம் போட்டு வைத்திருந்தேன். இளம் தம்பதி, மூன்று வயசுப் பெண் குழந்தை. பெரியவர்கள் சமையலறை அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை மொட்டைமாடிக்கு ஓடியது. பின்னால் போனேன். பக்கத்துக் காலி மனையில் மயில் நின்றது. அதைப் பார்ப்பதற்காகக் குழந்தை கைப்பிடிச்சுவரில் இரண்டு கையையும் வைத்தது. அதன் நாடி சுவரின் விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. குதிகாலை உயர்த்தியது. நாடி சுவரைத் தாண்டி வெளியே போயிற்று. நடந்தது அவ்வளவுதான். தூக்கிக்கொண்டு கீழே வந்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

“பரவால்ல டீச்சர், நாங்க பாத்துக்கிடுதோம்” என்றாள் அந்தப் பெண், படியைப் பற்றியும் சுவரைப் பற்றியும் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு. பெங்களூரிலிருந்து என் மகளும் போனில் அதையேதான் சொன்னாள்: “ஒரு போர்டு எழுதி ஒட்டுங்கம்மா, ‘படியில் கவனம்’னு. இதுக்குப்போய் இடிப்பாங்களா?”

போர்டு வைக்கலாம். ஆனால் படி ஏறுகிறவர் படியைப் பார்ப்பதில்லை; நீங்களே கவனித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று எட்டில் கால் ஓர் உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. அதன் பிறகு கண் விலகிவிடும். பேச்சு, பாட்டு, கையில் குழந்தை, தலையில் பாரம் எல்லாம் வரும். மிச்சப் படிகளும் அதே உயரத்தில் இருக்கும் என்று கால் நம்புகிறது. விசுவாசத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அளக்காமல் வைக்கிற கால் அதையெல்லாம்விட எளிதாக எனக்குப் புரியவைத்தது. உபதேசியார் தடுக்கியது கவனக்குறைவால் அல்ல. பத்தொன்பது எட்டு அவரை நம்பவைத்துவிட்டு, இருபதாவது எட்டு கைவிட்டது. எல்லாப் படியும் கோணல்மாணலாக இருந்திருந்தால் அவர் குனிந்து பார்த்தே ஏறியிருப்பார். நடுவில் இருந்த பதினெட்டு எட்டின் ஒழுங்குதான் கடைசி எட்டை ஆபத்தாக்கியது. ஒழுங்கான மனிதர்கள் என்று பெயரெடுத்த நாங்கள் செய்கிற தப்பும் அப்படித்தான் ஆளைச் சாய்க்கிறது. என் கணக்கில் தப்பு வராது என்று கொத்தனாரும் நம்பினார்.

குருடனுக்கு முன்னால் தடுக்கல்லை வைக்காதே என்று லேவியராகமம் 19இல் ஒரு கட்டளை இருக்கிறது. யூத ரபிகள் அந்தக் குருடனைக் கண்தெரியாதவர் என்பதோடு நிறுத்தவில்லை. ஒரு விஷயம் தெரியாத எவனும் அந்த விஷயத்தில் குருடனே என்றார்கள். அப்படியென்றால் என் வீட்டுக்கு வருகிற பால்காரர், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிற பையன், அந்தக் குழந்தை எல்லோரும் என் படி விஷயத்தில் குருடர்கள். எனக்கு மட்டும் பார்வை இருக்கிறது. எங்கள் சபைகளில் ‘இடறல்’ என்ற சொல் ரொம்பப் புழக்கம். வாலிபப் பிள்ளைகளின் உடுப்பு இடறல், சினிமா இடறல், கொலுசுச் சத்தம் இடறல். அறுபது வயசு வரை நானும் அதைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் காலில் இடிக்கிற கல் என்பது என் வீட்டு மாடிப்படியில்தான் தெரிந்தது.

அதோடு என் பழைய கேள்வி தானாகவே மாறிவிட்டது. இது யாருடைய குற்றம் என்று கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்கும் கொத்தனாருக்கும் நடுவில் அந்த 2 அங்குலம் பந்து மாதிரி போய்வந்து கொண்டிருந்தது. அடுத்து இங்கே கால் வைக்கப்போவது யார் என்று கேட்டதும் அது நின்றுவிட்டது. தெரியாமல் கட்டிய நாள் வரை அது பிழை. ஸ்கேலை வைத்துப் பார்த்த ராத்திரிக்குப் பிறகும் அப்படியே விட்டு வாடகை வாங்கினால் அதற்கு வேறு பெயர்.

குளியலறையின் பின்பக்கச் சுவர் இதற்குள் ஓதம் காத்து, பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்தது. கீழ்ப்பகுதியில் பச்சை படர்ந்திருந்தது. லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழி விழுகிற வீட்டுக்கு ஒரு முறைமை சொல்லியிருக்கிறது. வாசிக்கும்போது ஐயர்மாரே வேகமாகத் தாண்டிப்போகிற இடம். வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய், என் வீட்டில் தோஷம் இருக்கிற மாதிரித் தோன்றுகிறது என்கிறான். ‘தோன்றுகிறது’ என்றுதான் சொல்லவேண்டும்; தீர்ப்பு அவன் சொல்லக்கூடாது. ஆசாரியன் உள்ளே வருமுன் சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும், அவையும் தீட்டாகாமல் இருப்பதற்காக. பிறகு அவன் பார்க்கிறான். ஏழு நாள் வீட்டை அடைக்கிறான். திரும்ப வந்து பார்க்கிறான். பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூசவேண்டும். அதற்கும் அடங்காவிட்டால்தான் இடிப்பு. அடங்கினால் வீட்டுக்கே நிவிர்த்தி செய்கிற சடங்கு உண்டு.

தோஷத்தை அனுப்புவது நானே என்று கடவுள் சொல்வதாகத்தான் அந்தப் பகுதி தொடங்குகிறது. அந்த வாக்கியத்தோடு எனக்கு இன்றைக்கும் மல்லுக்கட்டு, ஒளிக்க விரும்பவில்லை. ஆனால் அந்த முறைமை முழுக்கத் தேடினாலும், வீட்டுக்காரனைப் பார்த்து நீ என்ன பாவம் செய்தாய் என்று ஆசாரியன் ஓரிடத்திலும் கேட்கவில்லை. பார், காத்திரு, சுரண்டு, மாற்று, மறுபடி பார். கடவுளுடைய ஊழியன் ஒருவன் ஒரு சுவரின் முன்னால் ஏழு நாள் பொறுமையாக இருக்கிறான். என் குளியலறைக்கும் அதையேதான் செய்யவேண்டியிருந்தது: டைல்ஸைப் பெயர்த்து, தண்ணீர் கசியாத பூச்சுக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்த்து, வாட்டம் வைத்து மறுபடி பதிப்பது.

அதற்குக் கொத்தனார் வேண்டும். அந்த மாதத்துத் திருவிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், அவர் வீட்டுக்குப் போனேன். பலிபீடத்தின் முன்னால் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பது மத்தேயுவில் இருக்கிறது. அவரிடம் போகாமல் திருவிருந்துக்குப் போய்க் கையேந்த முடியவில்லை.

ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவருடைய வீடு பூசாமல் செங்கலாக நின்றது. அவர் மொட்டைமாடியில் இருந்தார். “மேல வாங்க டீச்சர்” என்று குரல் கொடுத்தார். கான்கிரீட் படி, பூச்சு இல்லை. முதல் படியிலேயே என் கால் இடித்தது.

“பாத்து டீச்சர். முதல் படி உசரமா இருக்கும். தரை போட்டா சரியாயிரும்.”

ஏறி முடித்தேன். கடைசி எட்டு பாதிதான் இருந்தது. கால் காற்றில் துழாவி இறங்கியது. நின்று கணக்குப் போட்டேன். முதல் எட்டு 8, கடைசி எட்டு 4. என் வீட்டுப் படியைத் தலைகீழாக்கி வைத்த மாதிரி. கீழே 3 அங்குலத் தரை வரும், மேலேயும் வரும், படியில் ஒரு அங்குலம் ஏறும்; அன்றைக்கு எல்லாம் ஆறு ஆறாகிவிடும். “தரை எப்ப போடுத?” என்று கேட்டேன். “நாலு வருஷமா போடணும் போடணும்னு இருக்கேன் டீச்சர். கைக்கு வரட்டும்” என்றார். இன்னும் வராத தரைக்கு நாலு வருஷமாக இடம் விட்டுவைத்து, அந்த உயரமான படியில் அவர் வீட்டுப் பிள்ளைகள் தினமும் கவனித்து ஏறிக்கொண்டிருக்கின்றன.

அவருக்குத் தெரியும். என் படியைக் கட்டிய அன்றும் தெரியும். பெயிண்ட் ஆட்கள் முன்னால் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். “அய்யோ, என்ன டீச்சர் இது… நானும் இன்னொரு தடவ சொல்லியிருக்கணும்” என்றார். எங்கள் இரண்டு பேர் கண்ணும் கலங்கியது உண்மை. ஆனால் காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கும்போது இருபதாவது எட்டு எட்டு அங்குலமாகவே நின்றது. மன்னிப்பு அதில் கால் அங்குலம் குறைத்திருக்கவில்லை. மன்னிப்பு எங்களை மறுபடி ஒரே படியில் உட்காரவைத்தது. படியைத் திருத்துவது தனி வேலை.

உட்கார்ந்து யோசித்தோம். எனக்கு முதல் படியைக் கூட்டவும், கடைசிப் படியைக் குறைக்கவும் வழி தேடத்தான் புத்தி போயிற்று. முதல் படியை மட்டும் 2 அங்குலம் உயர்த்தினால் குறை இரண்டாவது எட்டுக்குப் போகும். அதை உயர்த்தினால் மூன்றாவதற்கு. அவர்தான் சொன்னார்: “பத்தொன்பதையும் ரெண்டு அங்குலம் தூக்கணும் டீச்சர். ஒண்ணை விட்டாலும் அங்க போய் நிக்கும்.” தாளில் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பது படியும் 2 அங்குலம் ஏறினால் முதல் எட்டு 6, கடைசி எட்டு 6, நடுவில் எல்லாம் 6. குற்றம் தெரிவது இரண்டு எட்டில்; திருத்தம் பத்தொன்பது படியிலும் நடக்கவேண்டும். என்னிடம் இருக்கிற கோபத்தை மட்டும் நீக்கும், பெருமையை மட்டும் நீக்கும் என்று இத்தனை வருஷம் தனித்தனியாக ஜெபித்திருக்கிறேன். நான் நல்லது என்று நினைத்துவைத்திருந்த பதினெட்டையும் சேர்த்துத் தூக்காமல் அந்த இரண்டும் சரியாகாது என்று தோன்றியிருந்ததில்லை.

கனம் கூடுமே என்று என்ஜினியரைக் கேட்டோம். மொத்தம் அறுநூறு கிலோ அளவுக்கு வரும். கம்பிக் கணக்கைப் பார்த்துவிட்டு, தாங்கும் என்றார். கிரானைட்டைப் பெயர்த்ததில் ஆறு பலகை உடைந்தது. படி உயர்ந்ததால் கைப்பிடிக் கம்பி 2 அங்குலம் தாழ்ந்து போனது. அதையும் அறுத்து உயர்த்திப் பற்றவைத்தோம். கைப்பிடிச்சுவரின்மேல் இரண்டு வரிசைச் செங்கல் ஏற்றி, அதற்கும் மேலே குழாய் பதித்தோம். இப்போது பொதிகையைப் பார்க்க நான் எழுந்து நிற்கவேண்டும். மாடி வாடகை மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. படி இருபது எட்டாகவே இருக்கிறது. அண்ணாச்சி எண்ணினால் இன்றைக்கும் நஷ்டத்தில்தான் முடியும்.

வேலை முடிந்து குடிவந்தவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. குழந்தை பாடிக்கொண்டே ஓடி ஏறுகிறது. உபதேசியார் ஒரு நாள் வந்து, வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு ஏறிக் காட்டினார்.

நான்தான் தடுக்கினேன். முதல் நாள், இருபதாவது எட்டில். பழைய படியில் எட்டு மாதம் ஏறி இறங்கியிருக்கிறேன். எந்த இடத்தில் காலைக் கூடுதலாகத் தூக்கவேண்டும் என்று என் வலது கால் நன்றாகப் படித்து வைத்திருந்தது. உயரமாகத் தூக்கி, அங்கே இல்லாத 2 அங்குலத்தைத் தேடி, ஓங்கி மாடித் தரையில் மிதித்துத் தடுமாறினேன். மறுநாளும் அப்படியே. படி திருந்தி ஆறு மாதம் ஆகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். பத்தொன்பதாவது படி வந்ததும் இன்றைக்கும் கால் தானாக உயர்கிறது. அதற்கு நான் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது, சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி: ஆறுதான், ஆறுதான்.